இறுதி ஓட்டமும் வெண்ணிப் பறந்தலையும்

(மூங்கில்துறைப்பட்டில் நடைபெற்ற இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழா மேடையில் வெற்றியைப் பேசுவதே மரபு. பத்தாண்டுகள் ஓர் இலக்கிய வட்டம் தொடர்ந்து இயங்குவது உண்மையிலேயே வெற்றிதான். அதனை எனக்கு முன் பேசியவர்கள் நிறைவாகவே எடுத்துரைத்தார்கள். எனக்குக் கிடைத்த இந்த அரைமணி நேரத்தை நான் ஒரு தோல்விக்காகச் செலவிட விரும்புகிறேன். அது அரசியலையோ நாட்டையோ பற்றிய பெருந்தோல்வி அன்று. ஓராண்டுக் காலம் விடியற்காலையில் எழுந்து பயின்ற ஓர் எளிய விளையாட்டு ஆர்வலர், அந்தப் பருவத்தின் கடைசிப் போட்டியில் எண்ணியது கைகூடாமல் வீடு திரும்புகிறார். அவருடைய தோல்விதான் இன்றைய பொருள். கவியரங்கத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். தொடர்பு உண்டு என்பதையும், அத்தொடர்பை ஈராயிரம் ஆண்டுகளுக்குமுன் வெண்ணியூர்ப் பெண்பாற் புலவர் ஒருவர் நமக்குக் காட்டிச் சென்றிருக்கிறார் என்பதையும் சொல்லவே இங்கு நிற்கிறேன்.

முதலில் போட்டியைச் சொல்லிவிடுகிறேன். டிரையத்லான் என்று ஒரு விளையாட்டு. நீச்சல், மிதிவண்டி, ஓட்டம் ஆகிய மூன்றையும் இடையில் ஓய்வின்றி ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து முடிக்க வேண்டும். இதன் நெடுந்தூர வடிவம் 1978ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள் ஹவாய்த் தீவுகளில் பிறந்தது. ஜான் காலின்ஸ் என்ற கடற்படை அதிகாரி, ஓவாஹு தீவில் அதுவரை தனித்தனியே நடந்துவந்த ஒரு கடல் நீச்சலையும் தீவைச் சுற்றும் மிதிவண்டிப் பயணத்தையும் ஒரு மராத்தான் ஓட்டத்தையும் ஒரே நாளில் கோத்துவிட்டார். நீச்சல் 3.8 கிலோமீட்டர், மிதிவண்டி 180 கிலோமீட்டர், ஓட்டம் 42 கிலோமீட்டருக்குச் சற்று மேல். முதற்போட்டியில் இறங்கியவர்கள் 15 பேர், முடித்தவர்கள் 12 பேர். முதலில் வந்த கார்டன் ஹாலருக்கு 11 மணி 46 நிமிடங்கள் ஆயின. இரண்டாமவராக வந்த ஜான் டன்பாருக்குத் துணையாக வந்தவர்களிடம் தண்ணீர் தீர்ந்துபோக, அவர் பீரைக் குடித்துவிட்டு ஓடினார் என்று அப்போட்டியின் வரலாற்றில் சொல்வார்கள். பரிசுப் பணம் என்ற பேச்சே அன்று இல்லை.

நம் நாட்டில் இதன் பாதித் தூரப் போட்டி 2019 முதல் கோவாவில் நடக்கிறது. பெருந்தொற்றுக் காலத்தில் மட்டும் நின்றிருந்தது. கடலில் 1.9 கிலோமீட்டர், மிதிவண்டியில் 90 கிலோமீட்டர், ஓட்டம் 21 கிலோமீட்டர். எட்டரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். இதில் இறங்குவோரில் மிகப் பெரும்பாலோர் தொழில்முறை விளையாட்டு வீரர்கள் அல்லர். அலுவலகம் செல்வோர், மருத்துவர், ஆசிரியர், வணிகர், குடும்பத் தலைவியர். ஆங்கிலத்தில் இவர்களை 'அமெச்சூர்' என்பார்கள். அரைகுறையாகச் செய்பவர் என்ற பொருளில் அச்சொல்லை நாம் இன்று வழங்கினாலும், அதன் வேரில் இருப்பது அன்பு செய்பவர் என்று பொருள்படும் இலத்தீன் சொல். பணத்துக்காக அன்றி, அன்பினால் ஒன்றைச் செய்பவர் அமெச்சூர். அவ்வகையில் இவ்வரங்கில் அமர்ந்திருக்கும் கவிஞர்கள் அத்தனை பேரும் அமெச்சூர்களே. பகலில் பள்ளியிலும் கழனியிலும் ஆலையிலும் கடையிலும் உழைத்துவிட்டு இரவில் ஒரு வரியைத் திருத்திக்கொண்டிருப்பவர்களை வேறு எப்படிச் சொல்வது?

இனிக் கடைசிப் போட்டிக்கு வருவோம். விளையாட்டுக்காரர்களின் ஆண்டு ஒரு நெடும்பருவம். சனவரியில் மும்பையிலோ சென்னையிலோ மராத்தான். பிறகு 200, 300, 400, 600 கிலோமீட்டர் என்று ஏறிக்கொண்டே போகும் நெடுந்தொலைவு மிதிவண்டிப் பயணங்கள். 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் கடக்க வேண்டும் என்பது அவற்றின் விதி. இடையிடையே ஏரியிலோ நீச்சல் குளத்திலோ பயிற்சி. எல்லாம் முடிந்து, ஆண்டின் கடைசி மாதங்களில் அந்தப் பெரிய போட்டி. ஆண்டு முழுவதும் சேர்த்து வைத்ததை அன்று ஒரே நாளில் எடுத்து வைக்க வேண்டும்.

அன்றைக்குத்தான் பெரும்பாலும் உடல் கைவிடுகிறது. இதற்கு மாயக் காரணம் ஒன்றும் இல்லை. கரும்பு விளையும் நம் மண்ணில் இதனை எளிதாகவே விளக்கிவிடலாம். அரவைப் பருவத்தின் நடுவில் வெட்டும் கரும்பில் சர்க்கரைச் சத்து நிறைந்திருக்கும். வெயில் ஏற ஏறச் சத்துக் குறையும். வெட்டு உத்தரவு தாமதமாகி முற்றிப்போன கரும்பும், வெட்டியபின் வண்டியில் காத்துக் கிடந்த கரும்பும் எடையிழந்து ஆலைக்குள் போகும். பயிர் செய்தவருடைய உழைப்பு இரண்டு கரும்புக்கும் ஒன்றேதான்; பிழியும்போது வருவதுதான் வேறு. உடலும் அப்படியே. தசையிலும் ஈரலிலும் உடல் சேர்த்து வைக்கும் மாச்சத்து ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் ஓட்டத்துக்கே போதும். அதன்பின் ஒவ்வோர் அடியும் கடன். மாதக்கணக்கில் ஓய்வின்றிப் பயின்றவருக்குக் களைப்பு உள்ளே படிந்துகொண்டே வரும். பயிற்சி மிகுந்தால் வேகம் கூடுவதற்கு மாறாகக் குறையவும் கூடும். அன்று வெயிலும் புழுக்கமும் சேர்ந்தால் வியர்வையோடு உப்பும் போய்விடும். கணக்கில் தவறே செய்யாதவரும் அந்நாளில் தோற்கலாம்.

உடலின் காரணத்தைவிட மனத்தின் காரணம் கடுமையானது. மற்ற தோல்விகளுக்கெல்லாம் 'அடுத்தது' என்று ஒன்று இருக்கிறது. மார்ச்சில் தோற்றவர் சூனில் சரிசெய்துகொள்ளலாம். கடைசிப் போட்டியில் தோற்றவருக்கு அடுத்தது இல்லை. அவர் அந்த முடிவை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும். மாதக்கணக்கில் அதனோடு வாழ வேண்டும். பருவத்தின் நடுவில் அவர் ஈட்டிய நல்ல நேரங்கள் எல்லாம் அந்தக் கடைசி எண்ணின் நிழலில் விழுந்துவிடுகின்றன.

இதற்கு உலக வரலாற்றில் ஒரு தெளிவான எடுத்துக்காட்டு உண்டு. அது டிரையத்லான் பிறப்பதற்கு முன் நடந்தது. நெடுந்தூர ஓட்டம் பற்றியது. இங்கிலாந்தின் ஜிம் பீட்டர்ஸ் கண்ணாடி செய்து கொடுக்கும் கண் பரிசோதகர். வேலை முடிந்தபின் ஓடியவர். 1948 இலண்டன் ஒலிம்பிக்கில் பத்தாயிரம் மீட்டர் ஓட்டத்தில் எமில் சாட்டோபெக் இவரை ஒரு முழுச் சுற்றுப் பின்னே விட்டுச் சென்றார். ஓட்டத்தை விட்டுவிட நினைத்தவரைப் பயிற்சியாளர் ஜானி ஜான்ஸ்டன் மராத்தானுக்குத் திருப்பினார். 1952 முதல் 1954 வரை மராத்தானில் உலகின் மிகச் சிறந்த நேரத்தை நான்கு முறை இவர் படைத்தார். 2 மணி 20 நிமிடங்களுக்குள் முதன்முதலில் அத்தூரத்தை ஓடி முடித்த மனிதர் இவர்தான், ஆண்டு 1953.

1954ஆம் ஆண்டுப் பருவத்தைப் பாருங்கள். ஏப்ரலில் அமெரிக்காவின் பாஸ்டன் மராத்தானில் பின்லாந்தின் கார்வோனனுக்கு அடுத்து இரண்டாமிடம். சூன் மாதம் இங்கிலாந்தில் 2 மணி 17 நிமிடம் 39 நொடி; மீண்டும் உலகின் சிறந்த நேரம். ஆகஸ்ட் 7ஆம் நாள் கனடாவின் வான்கூவர் நகரில் பிரிட்டிஷ் பேரரசு, காமன்வெல்த் விளையாட்டுகளின் மராத்தான். கடும் வெயில். தொடங்கியவர்கள் 16 பேர். முடித்தவர்கள் 6 பேர் மட்டுமே. வழியெல்லாம் வேகத்தைக் குறைக்காமல் ஓடிய பீட்டர்ஸ், அரங்கத்துக்குள் நுழைந்தபோது அடுத்தவருக்கு ஏறத்தாழ 17 நிமிடங்கள் முன்னே இருந்தார். எஞ்சியது ஒரு சுற்றுக்கும் குறைவு.

அரங்கத்துக்குள் அடியெடுத்து வைத்ததும் கால்கள் பின்னின. விழுந்தார். எழுந்தார். சில அடிகள் தள்ளாடிப் போய் மறுபடி விழுந்தார். ஏறத்தாழ பதினொரு நிமிடங்களில் அவர் கடந்தது சுமார் 200 மீட்டர். விதிப்படி எவரும் அவரைத் தொடக்கூடாது. தொட்டால் ஓட்டம் செல்லாது. கூட்டம் பார்த்துக்கொண்டே இருந்தது. ஒரு கோட்டைத் தாண்டியதும் அவருடைய அணியைச் சேர்ந்தவர் ஓடிவந்து தாங்கிப் பிடித்துவிட்டார். அது வேறு போட்டிகளுக்கான முடிவுக்கோடு. மராத்தானின் முடிவுக்கோடு இன்னும் சுமார் 200 மீட்டர் அப்பால் இருந்தது. ஸ்காட்லாந்தின் ஜோ மக்கீ பின்னர் வந்து 2 மணி 39 நிமிடங்களில் முடித்துத் தங்கப் பதக்கம் பெற்றார். பீட்டர்ஸ் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டார். அதுவே அவருடைய கடைசி ஓட்டம். அதன்பின் அவர் போட்டியில் இறங்கவில்லை. தம் கண்ணாடித் தொழிலுக்குத் திரும்பி, 1999 வரை வாழ்ந்தார்.

அதே நாள், அதே அரங்கத்தில்தான் ரோஜர் பானிஸ்டரும் ஜான் லாண்டியும் ஒரு மைல் ஓட்டத்தை நான்கு நிமிடங்களுக்குள் ஓடினார்கள். இடப்பக்கம் திரும்பி லாண்டி பார்த்த நொடியில் வலப்பக்கமாகப் பானிஸ்டர் முந்தினார். அந்த நொடியை அந்நகரத்தில் வெண்கலச் சிலையாக வடித்திருக்கிறார்கள். பீட்டர்ஸுக்கோ எடின்பரோ கோமகன் ஒரு பதக்கத்தைத் தாமாகச் செய்வித்து அனுப்பினார். துணிவு மிக்க ஓட்டக்காரர் என்ற பாராட்டோடு.

நண்பர்களே, இங்கே சற்று நிற்போம். அப்பதக்கம் நல்லெண்ணத்தின் அடையாளம்; அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அது என்ன செய்கிறது? தோல்வியை எடுத்துவிட்டு, அதன் இடத்தில் ஒரு வெற்றியை வைக்கிறது. 'நீ ஓட்டத்தில் தோற்றாய், துணிவில் வென்றாய்' என்கிறது. கேட்க இனிமையான பேச்சு. பேசுபவருக்கு அதில் மன நிறைவு உண்டு. தோற்றவர் தம் தோல்வியைப் பற்றிப் பேச இடம் மட்டும் போய்விடுகிறது.

டிரையத்லானிலேயே இதற்கு இணையான நிகழ்ச்சி 1982 பிப்ரவரியில் ஹவாயில் நடந்தது. ஜூலி மாஸ் என்ற கல்லூரி மாணவி, உடலியக்கவியல் படிப்பின் ஆய்வுக்காகவே அந்தப் போட்டியில் இறங்கியவர், பெண்களில் முதலாவதாக ஓடிக்கொண்டிருந்தார். முடிவுக்கோடு கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் கால்கள் செயலிழந்தன. கடைசிச் சில மீட்டர் தூரத்தில் காத்லீன் மக்கார்ட்னி அவரைக் கடந்து போய் வென்றார். மாஸ் கைகளை ஊன்றித் தவழ்ந்து கோட்டைத் தொட்டார். வேறுபாடு 29 நொடிகள். தொலைக்காட்சி அதனை நாடு முழுவதும் காட்டியது. அந்தத் தவழ்தலைப் பார்த்தே பல்லாயிரவர் இந்த விளையாட்டுக்கு வந்தார்கள். வென்றவரைவிடத் தோற்றவரின் பெயரே நிலைத்துவிட்டது. இதுவும் ஒருவகையில் வெற்றிக் கதையாகிவிட்டது.

நம் தமிழர் வரலாற்றுக்கு வருவோம். பீட்டர்ஸ் வீழ்ந்த அதே 1954ஆம் ஆண்டில்தான் யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாற்றைச் சேர்ந்த நவரத்தினசாமி பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார். அவர் வழியில் வந்தவர் வல்வெட்டித்துறை ஆனந்தன். 1971இல் அதே நீரிணையை இங்கிருந்து அங்கும் அங்கிருந்து இங்கும் என இருவழியும் நீந்தினார். உடலின் பொறுமையைச் சோதிக்கும் பல்வகை முயற்சிகளில் உலக சாதனை நூலில் திரும்பத் திரும்பப் பெயர் பதித்தார். 1984 ஆகஸ்ட் 6ஆம் நாள் இங்கிலீஷ் கால்வாயை நீந்திக் கடக்க முயன்றபோது, அந்தக் குளிர்ந்த நீரிலேயே உயிர் துறந்தார். அவருடைய கடைசிப் போட்டி அது. ஈழத் தமிழர்கள் அவரை மறக்கவில்லை. மரணம் அவருடைய தோல்வியைத் தன்னுள் மறைத்துக்கொண்டது. கரை சேரவில்லை என்பதை எவரும் தோல்வி என்று சொல்ல முன்வரமாட்டார்கள், சொல்லவும் கூடாது.

ஆக, தோற்றவர்களில் மூவருக்கு நம் நினைவில் இடம் கிடைக்கிறது. கோமகனின் கண்ணில் பட்டவருக்கு, தொலைக்காட்சியின் கண்ணில் பட்டவருக்கு, உயிரையே கொடுத்துவிட்டவருக்கு. 1960 உரோம் ஒலிம்பிக்கில் நான்காமவராக வந்த மில்கா சிங்கையும், 1984 லாஸ் ஏஞ்சல்ஸில் நொடியில் நூறில் ஒரு பங்கில் வெண்கலத்தை இழந்த பி.டி. உஷாவையும் இந்த வரிசையில் சேர்க்கலாம். அவர்களோடு சேர்ந்து நாடே தோற்றது. நாடே அழுதது.

எவரும் பார்க்காமல் தோற்றவருக்கு யார் இருக்கிறார்கள்? கோவாவின் வெயிலில் ஓட்டத்தின் பதினைந்தாவது கிலோமீட்டரில் நடக்கத் தொடங்கி, எட்டரை மணி நேரம் கடந்தபின் கோட்டை அடைகிறவரை எண்ணிப் பாருங்கள். அவர் வரும்போது பந்தலைப் பிரித்துக்கொண்டிருக்கலாம். முடிவுப் பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே நேரம் இராது. 'முடிக்கவில்லை' என்பதைக் குறிக்கும் மூன்று ஆங்கில எழுத்துகள் மட்டும் இருக்கும். அல்லது நேரத்துக்குள்ளேயே முடித்தவராகக்கூட இருக்கலாம். ஆறரை மணியில் முடிக்க ஓராண்டு பயின்று, ஏழே முக்காலில் முடித்தவர். பார்ப்பவர்களுக்கு அது சாதனை. வீட்டில் மாலை மரியாதைகூடச் செய்வார்கள். அவருக்கு மட்டும் அந்த ஒன்றேகால் மணி நேரம் தெரியும். அதை அவர் யாரிடம் சொல்வது?

இந்த இடத்தில்தான் நான் வெண்ணிக்குப் போகிறேன். இன்று கோயில்வெண்ணி என்று வழங்கும் ஊர், நீடாமங்கலத்தை அடுத்தது. அங்கே கரிகால் வளவனுக்கும் சேரமான் பெருஞ்சேரலாதனுக்கும் நடந்த போரைப் புலவர்கள் அறிவீர்கள். கரிகாலன் எய்த படைக்கலம் சேரனின் மார்பைத் துளைத்து முதுகின் வழியே வெளிப்பட்டது. முன்னே நின்று ஏற்ற புண்தான். ஆயினும் முதுகிலும் புண் ஆயிற்று. அதற்கு நாணிச் சேரன் போர்க்களத்திலேயே வாளோடு வடக்கிருந்தான். இதனைக் கழாத்தலையார் பாடினார். மாமூலனார் அகநானூற்றில் குறித்தார். வெண்ணிக் குயத்தியார் பாடியது புறநானூற்றின் 66ஆம் பாட்டு.

அந்தப் பாட்டு யாரைப் பார்த்துப் பாடப்பட்டது என்பதை மறந்துவிடக் கூடாது. அது தோற்றவனுக்குச் சொன்ன ஆறுதல் அன்று. வென்றவனின் முகத்தைப் பார்த்துப் பாடியது. பாடியவர் வென்ற மன்னனின் நாட்டுப் பெண். அரசவையில் வளர்ந்தவர் அல்லர். பெயரே அவருடைய ஊரையும் குடியையும் சொல்கிறது, மட்பாண்டம் வனையும் குடி. கரிகாலனின் முன்னோர் பெருமையைச் சொல்கிறார். அவன் வென்றான் என்பதை ஒப்புக்கொள்கிறார். அதன்பின், உன்னைவிட அவன் நல்லவன் அல்லவா என்று கேட்டுவிடுகிறார்.

இதன் நுட்பத்தைக் கவனியுங்கள். 'சேரன் உண்மையில் தோற்கவில்லை' என்று அவர் சொல்லவே இல்லை. தோல்வி தோல்வியாகவே இருக்கிறது. வெற்றி கரிகாலனுடையதாகவே இருக்கிறது. நடந்ததில் ஓர் அணுவையும் அவர் மாற்றவில்லை. மாற்றியது அளவுகோலை. வென்றவன் யார் என்பது ஒரு கேள்வி. நல்லவன் யார் என்பது வேறொரு கேள்வி என்று பிரித்துக் காட்டிவிட்டார். சேரனை உயர்த்தியது எது? அவனுடைய நாணம். பிறர் எவரும் குறை சொல்லாத இடத்தில், தன் அளவுகோலுக்குத் தான் குறைந்துவிட்டதாக அவன் உணர்ந்தான். அந்த உணர்வைப் புலவர் கண்டுகொண்டார். அவன் உயிர்விட்டதை நாம் இன்று போற்ற வேண்டியதில்லை. அது அக்கால மறக்குடியின் வழக்கம். நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது, தோற்றவனின் நாணத்தை மதிக்கும் அந்தப் பார்வையை.

ஒன்றேகால் மணி நேரத்தை யாரிடம் சொல்வது என்று தவிப்பவரும் பிறர் காணாத புண்ணைத் தாம் காண்பவரே. 'முடித்ததே பெரிது' என்று நாம் தோளில் தட்டும்போது அவருடைய நாணத்தை நாம் மதிக்கவில்லை. அவர் தமக்கென வைத்துக்கொண்ட அளவுகோலைப் பிடுங்கி, நம்முடைய சிறிய அளவுகோலைக் கையில் கொடுக்கிறோம். முயலை வீழ்த்திய அம்பையும் யானைக்குக் குறி தவறிய வேலையும் ஒப்பிட்ட வள்ளுவரும் வேல் தவறியதை மறைக்கவில்லை. தவறியது தவறியதுதான். குறி எதன்மேல் என்பதே அவருக்கு முக்கியம்.

இன்னும் அருகே வருவோம். இவ்வூரின் ஓரமாக ஓடும் பெண்ணையாற்றின் வழியே கீழே போனால் திருக்கோவலூர். அங்கே ஆற்றின் நடுவே நிற்கும் கபிலக்கல்லைப் பார்க்காத கவிஞர் இங்கு இருக்கமாட்டீர்கள். பாரி இறந்தபின் அவன் மகளிரை அழைத்துக்கொண்டு கபிலர் நடந்த நடைதான் தமிழின் மிக நீண்ட பருவம் என்று எனக்குத் தோன்றும். விச்சிக்கோனிடம் போனார், அவன் மறுத்தான். இருங்கோவேளிடம் போனார், அவனும் மறுத்தான். பாட்டில் அவரை வெல்ல ஆள் இல்லை. கேட்டதோ ஒரு முறையும் கிடைக்கவில்லை. பின் மகளிரைப் பார்ப்பாரிடம் ஒப்படைத்துவிட்டு அவர் வடக்கிருந்தார் என்று புறநானூற்றுக் குறிப்பு சொல்கிறது. மலையனுக்கு மணம் செய்வித்தபின் அக்கல்லில் தீப்புகுந்தார் என்று திருக்கோவலூர் வீரட்டானத்தில் உள்ள இராசராசன் காலக் கல்வெட்டு சொல்கிறது. எப்படியாயினும், அந்த மறுப்புகளைப் பாடிய பாட்டுகள் 200 முதல் 202 வரையுள்ள புறப்பாட்டுகளாக நம் கையில் இருக்கின்றன. தொகுத்தவர்கள் அவற்றைக் கழித்துவிடவில்லை. கேட்டுக் கிடைக்காமல் திரும்பிய பாட்டும் பாட்டே என்று அவர்கள் கருதியிருக்கிறார்கள்.

இவ்வளவையும் ஒரு நோக்கத்தோடுதான் சொன்னேன். பத்தாண்டுகளில் இந்த வட்டத்தில் படிக்கப்பட்ட கவிதைகளை எண்ணிப் பார்க்கிறேன். தோல்வியைப் பற்றிய கவிதைகள் ஏராளம். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை ஈற்றடியில் வெற்றியாகிவிடுகின்றன. விழுந்த விதை முளைக்கிறது, உடைந்த சிறகு முளைக்கிறது, இருட்டு விடிகிறது. எந்தத் தோல்வியும் எங்களிடம் நான்கு வரிக்குமேல் தோல்வியாக நீடிப்பதில்லை. இது நம் வட்டத்துக்கு மட்டும் உரிய பழக்கம் அன்று. மேடைக் கவிதை நமக்குக் கற்றுக்கொடுத்த பழக்கம். கைதட்டலுக்கு ஈற்றடி வெளிச்சம் வேண்டும். ஆனால் உண்மையில் தோற்றுவிட்டு வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த வெளிச்சத்தில் தம் முகம் தெரிவதில்லை.

எழுதுபவர்களாகிய நமக்கும் இது பொருந்தும். ஓராண்டு முழுவதும் எழுதிச் சேர்த்த தொகுப்பு வெளிவருகிறது. பரிசுக்கு அனுப்புகிறோம், பட்டியலில் பெயர் இல்லை. நண்பர்கள் 'பரிசா முக்கியம்?' என்கிறார்கள். அவர்கள் சொல்வது சரிதான். ஆனால் நம்மை வருத்துவது பரிசு இல்லாமை மட்டும்தானா? எழுத நினைத்ததற்கும் எழுதி முடித்ததற்கும் நடுவே உள்ள அந்த ஒன்றேகால் மணி நேரம் நமக்குத் தெரியும். அதைப் பரிசும் நீக்காது, ஆறுதலும் நீக்காது. அந்த நாணம் உள்ளவரை ஒருவர் கவிஞர். அது போய்விட்டால் எத்தனை பரிசு வந்தும் பயனில்லை.

ஹவாய்ப் போட்டியில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் தொடங்கும் போட்டிக்கு 17 மணி நேரம் எல்லை. வென்றவர்கள் பிற்பகலிலேயே முடித்துவிடுவார்கள். அவர்கள் குளித்து, உண்டு, ஓய்வெடுத்தபின் இரவில் மீண்டும் முடிவுக்கோட்டுக்கு வருவார்கள். நள்ளிரவை நெருங்கி வரும் கடைசி ஆட்களுக்காக ஊரே விழித்துக் காத்திருக்கும். எல்லை கடந்து ஒரு நிமிடம் தாமதமாக வருபவருக்குக் கணக்கில் இடம் கிடைக்காது, விதி விதிதான். ஆனாலும் அவர் வரும்வரை கூட்டம் நிற்கிறது. அவர் வென்றுவிட்டதாக அவர்கள் பொய் சொல்வதில்லை. அவர் வருவதைப் பார்க்கிறார்கள்.

பார்ப்பது ஒரு பெரிய செயல். வெண்ணிக் குயத்தியார் செய்தது அதுதான். இலக்கிய வட்டம் என்று ஒன்று ஊரில் இருப்பதன் பயனும் அதுவே என்று நினைக்கிறேன். கரும்பு வெட்டி முடித்து, எதிர்பார்த்த தொகையில் பாதியோடு திரும்பும் உழவரை, தேர்வில் ஓரிரு மதிப்பெண்ணில் இடம் இழந்த மாணவியை, கல்வராயன் மலையிலிருந்து ஓட்டப் பந்தயத்துக்கு இறங்கிவந்து முதற்சுற்றிலேயே வெளியேறும் பையனைப் பார்க்க ஒருவர் வேண்டும். பார்த்ததை உள்ளவாறே எழுத வேண்டும். எத்தனை மதிப்பெண்ணில், எத்தனை நொடியில், எத்தனை மூட்டையில் தோற்றார் என்ற அளவோடு எழுத வேண்டும். ஈற்றடியில் விதையை முளைக்க வைக்க வேண்டாம்.

எனவே நம் வட்டத்தின் பதினோராம் ஆண்டுக்கு ஒரு வேண்டுகோளை முன்வைக்கிறேன். அடுத்த கவியரங்கத்துக்குத் 'தோல்வி' என்று தலைப்பு வையுங்கள். ஒவ்வொரு கவிஞரும் தமக்குத் தெரிந்த ஒருவருடைய ஒரு தோல்வியை மட்டும், ஆறுதல் சொல்லாமல், எழுதி வாருங்கள். நான்கு வரி போதும், நாற்பது வரியும் இருக்கலாம். கைதட்டல் குறைவாகத்தான் கிடைக்கும். பின்வரிசையில் இருப்பவர் ஒருவேளை, கூட்டம் முடிந்தபின் உங்களிடம் வந்து, தம்முடைய கடைசிப் போட்டியைப் பற்றிப் பேசத் தொடங்கக்கூடும். அவர் சொல்வதைக் கேளுங்கள்.